நாலாம் மாடியில் மூன்று ஃப்ரிட்ஜ்

குறைவாக மார்க் வாங்கினால்தான் பாஸ் என்கிற பரீட்சை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சலுகை அட்டைக்காக வீட்டுச் சாமான்களை எண்ண வருகிறாரே ஒரு மனிதர், அவர் வைக்கும் பரீட்சை அது. ஃப்ரிட்ஜுக்கு ஐந்து, துணி துவைக்கும் மெஷினுக்கு ஆறு, தையல் மெஷினுக்கு நான்கு, டிவிக்கு இரண்டு. வீட்டுக்கு வரும் சம்பளத்துக்குத் தனி மார்க். கூட்டிப் பார்த்துப் பதினைந்தைத் தாண்டினால் நீங்கள் வசதியானவர், ஆஸ்பத்திரியில் முழுக் காசும் கட்டியாக வேண்டும். பதினைந்துக்குள் நின்றால் கால் பங்கு கட்டினால் போதும். அந்தக் கட்டிடத்தில் அவருக்கு மார்க் சார் என்று பேர்.

கட்டிடம் ஒல்லியானது. கீழே பூட்டிக் கிடக்கும் ஒரு குடோன், அதற்கு மேல் மாடிக்கு ஒன்றாக நான்கு வீடுகள். முதல் மாடியில் தையல்காரம்மா, மூச்சுத்திணறல் உள்ள எட்டு வயது மகளோடு இருந்தாள். இரண்டாம் மாடியில் பஸ் கண்டக்டர், அவர் மனைவிக்கு ஏழு மாதம். மூன்றாம் மாடியில் பெயிண்டர், இதயம் பலவீனமான தன் அப்பாவோடு. இந்த மூன்று வீட்டுக்கும் அட்டை உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மார்க் சார் வந்து பார்த்துப் புதுப்பித்துவிட்டுப் போவார். வரும் தேதியை ஒரு வாரம் முன்பே வாசல் சுவரில் ஒட்டிவிடுவார்கள். தேதி தெரிந்த பிறகு யார்தான் சும்மா இருப்பார்கள்?

அன்றைக்குக் காலையில் சாமான்கள் படியேறும். எல்லாம் நாலாம் மாடிக்குத்தான். அந்த வீட்டுக்காரர்கள் அட்டைக்குப் போனதில்லை என்பதால் மார்க் சார் அந்தக் கதவைத் தட்டியதே இல்லை. கண்டக்டர் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மேல்படியில் நிற்பார், பெயிண்டர் கீழே இருந்து தாங்குவார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் வழி குறுகல், இடது பக்கம் சாய்க்காவிட்டால் கைப்பிடிக் கம்பியில் இடிக்கும். "சாய்ச்சு, சாய்ச்சு" என்று பெயிண்டர் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். மார்க் சார் காது அந்த அளவுக்கு மந்தமா என்று யாரும் யோசித்ததில்லை.

நாலாம் மாடியில் இருந்தவளுக்கு மகாராணி என்று பட்டப்பெயர். கேலிக்கு வைத்ததுதான், ஆனால் அதில் ஒரு மரியாதையும் இருந்தது. அவள் புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்தும் வேலை பார்த்தாள். இரண்டு சம்பளம், பிள்ளை குட்டி இல்லை. அந்தக் கட்டிடத்தில் முதல் ஃப்ரிட்ஜ் வந்தது அவள் வீட்டுக்குத்தான். ஒரு நாள்கூட அவள் யார் வீட்டுக் கதவையும் இரவல் கேட்டுத் தட்டியதில்லை. படியில் எதிரே பட்டால், "உனக்கென்னம்மா" என்பார்கள். அதைக் கேட்க அவளுக்கும் பிடிக்கத்தான் செய்தது, அதைச் சொல்வதற்கென்ன வெட்கம்.

இப்போது உண்மைக்கு வருகிறேன். கிரேன்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். முதுகு வலிக்குப் பயிற்சிக்குப் போகிறார் என்று கட்டிடத்துக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு போலப் புடைத்த இடது கையை அவர் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார். கம்பெனி பாதிச் சம்பளம் கொடுத்தது. அதோடு அவள் சம்பளத்தையும் சேர்த்தால் கீழே உள்ள எந்த வீட்டையும்விட அதிகம்தான். ஆனால் வரவை மட்டும் பார்ப்பவர்களுக்கு என்ன தெரியும்? இரண்டு சம்பளமும் சேர்ந்து மாதத்தில் பத்து நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வாடகையும் வைத்தியமும் போக மிஞ்சுவதை வைத்துப் பார்த்தால், அந்தக் கட்டிடத்திலேயே பரம ஏழை மகாராணிதான்.

சேமிப்பு கரைந்தது. கழுத்தில் காதில் இருந்தது போயிற்று. துணி துவைக்கும் மெஷின் போயிற்று. எட்டு மாதத்துக்கு முன்னால் ஃப்ரிட்ஜும் போயிற்று. யாராவது கேட்டால் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றாள். எட்டு மாதமாகவா ரிப்பேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. பணக்காரர்கள் வீட்டு ரிப்பேர் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். புருஷனுக்குப் போடும் ஒரு ஊசி மருந்தைக் குளிரில்தான் வைக்க வேண்டும். தினமும் கடையிலிருந்து வரும் வழியில் ஐஸ் வாங்கி ஒரு பெரிய ஃப்ளாஸ்கில் போட்டு அதற்குள் மருந்தை வைத்தாள்.

விற்க இனி ஒன்றும் இல்லை என்று ஆன பிறகுதான் அவள் அட்டைக்கு விண்ணப்பம் போட்டாள், அதுவும் யாருக்கும் தெரியாமல். அலுவலகத்தில் படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் கேட்டாள்.

"செலவை எங்கம்மா எழுதறது?"

"செலவுக்குக் கட்டம் இல்லம்மா. வரவு, சாமான். அவ்வளவுதான் கேட்பாங்க."

பரவாயில்லை, சாமானே இல்லையே. சம்பளத்துக்குப் பத்து, பழைய டிவிக்கு இரண்டு. பன்னிரண்டு மார்க்கில் தாராளமாகப் பாஸ். எப்போது பார்க்க வருவீர்கள் என்று கேட்டதற்கு, "புதுசுக்கெல்லாம் அடுத்த மாசம்தான்" என்றாள் அந்தப் பெண். டயாலிசிஸ் பிரிவில் இருந்த நர்ஸிடமும் அவள் ஒன்று கேட்டு வைத்திருந்தாள். காசு பத்தாமல் வாரத்துக்கு இரண்டாகக் குறைத்தால் என்ன ஆகும்? நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "இவருக்கு மூணு இருந்தாத்தான் தாங்கும். ரெண்டுன்னா கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் சொல்ல முடியாது." கையில் இருந்த காசு அந்த மாதக் கடைசி வரைக்கும்தான் மூன்றுக்குக் காணும். ஆக, எல்லாம் அந்த அட்டையில் இருந்தது.

கீழ் வீடுகளின் தேதி வந்தது. சாமான்களை வைக்க வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று சொன்னால் ஒன்றரை வருடமாகக் கட்டி வைத்ததெல்லாம் சரிந்துவிடும். தன் வீட்டைப் பார்க்க ஆள் வருவது அடுத்த மாதம்தானே என்று கதவைத் திறந்துவிட்டாள். மூன்று ஃப்ரிட்ஜ் வந்தது. இரண்டு டிவி, கண்டக்டர் வீட்டுத் துணி மெஷின், தையல் மெஷின். முன்னறையில் கால் வைக்க இடமில்லை.

"அக்கா, எங்க ஃப்ரிட்ஜை மட்டும் கொஞ்சம் சொருகி வைங்க. பாலு கெட்டுடும்" என்றாள் தையல்காரம்மா. அந்த ஃப்ரிட்ஜின் கதவில் அவள் மகளுடைய பள்ளிக்கூட டைம்டேபிள் காந்தத்தால் ஒட்டியிருந்தது.

"உனக்கு இல்லாததா" என்றாள் மகாராணி. அவர்கள் இறங்கிப் போனதும் ஃப்ளாஸ்கைத் திறந்து, ஊசி மருந்து இருந்த சின்ன டப்பாவை எடுத்துப் பால் பாக்கெட்டுக்குப் பின்னால் வைத்தாள். ஒரு நாளாவது மருந்து நல்ல குளிரில் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

பதினொரு மணி வாக்கில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பெயிண்டர்தான் எதையோ மறந்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துத் திறந்தாள். மார்க் சார் நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்கியது, ஒரு கை முழங்காலைப் பிடித்திருந்தது.

"புதுசு அடுத்த மாசம்தாம்மா. ஆனா இதே கட்டிடம்னு லிஸ்ட்ல இருந்துச்சு. இன்னொரு தடவை இவ்வளவு படி ஏற என் முழங்கால் தாங்காது. அஞ்சு நிமிஷம், பார்த்துட்டுப் போயிடறேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்.

வந்தவர் நின்றார். மூன்று ஃப்ரிட்ஜையும் பார்த்தார். போர்வை போர்த்திய தையல் மெஷினைப் பார்த்தார். கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்த இரண்டு டிவியைப் பார்த்தார். அவர் மூக்குக் கண்ணாடியில் வலது லென்ஸ் கொஞ்சம் திரும்பிப் பொருந்தியிருந்தது, அதனால் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். தொழில் புத்தி, அந்த நிலையிலும் அவள் கண்ணில் அதுதான் முதலில் பட்டது. சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை.

"வீட்ல எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு சார். அவர் உள்ள படுத்திருக்கார்."

"குழந்தைங்க?"

"இல்ல."

அவர் டைம்டேபிளின் முன்னால் போய் நின்றார். கணக்கு, ஓவியம், விளையாட்டு என்று வண்ணப் பென்சிலில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை மடியில் வைத்துக்கொண்டார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"இருபது வருஷமா இந்த வேலை பார்க்கறேம்மா. இப்பதான் கீழ மூணு வீட்டையும் பார்த்துட்டு வர்றேன். மூணு வீட்லயும் தரையில சதுரமா ஒரு இடம் மட்டும் வெளுப்பா இருக்கு. நான் பார்க்காத மாதிரி வந்துடுவேன், வழக்கம்தான். ஆனா இங்க பார்த்துட்டேன். கண்ணால பார்த்ததை எழுதாம விட முடியாது. இது உங்களோடது இல்லேன்னா சொல்லிடுங்க. ஒரு வார்த்தை போதும். கீழ போய் அந்த மூணு ஃபாரத்தையும் திருப்பி எழுதிக்கறேன், உங்க ஃபாரம் தனியா நல்லபடியா போயிடும்."

அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். மூச்சுக்கு இழுத்துக்கொண்டு படியில் உட்காரும் அந்தச் சின்னப் பெண் நினைவுக்கு வந்தாள். கண்டக்டர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவது நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னால் நர்ஸ் சொன்னதும் வந்தது. அவளை நல்லவளாக்கிக் காட்ட நான் பொய் சொல்லப் போவதில்லை. அவள் சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்தாள். ஊர் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும், இவர் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் மனசில் இருந்தது. "சார்" என்று ஆரம்பித்தாள்.

"எங்களோடதுதான் சார்."

உள்ளறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கிரேன்காரர் நின்றார். முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தது, எழுந்து வந்ததே பெரிய காரியம். சட்டைக் கையை இறக்கிவிட மறந்திருந்தார். மார்க் சார் அந்தக் கையைப் பார்த்தார். அப்படி ஒரு கையை அவர் முதல் தடவையாகப் பார்க்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"மூணு ஃப்ரிட்ஜும் உங்களோடதா சார்?"

"ஆமா. எனக்கு ஐஸ் தண்ணின்னா உயிரு."

ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று கட்டளை அவருக்கு. நாக்கு வறண்டு, துணியை நனைத்து உதட்டில் வைத்துக்கொள்ளும் மனிதர் அதைச் சொன்னார். மார்க் சார் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "யோசிச்சுச் சொல்லுங்க சார். இது போச்சுன்னா அடுத்தது ரெண்டு வருஷம் கழிச்சுதான்" என்றார். கிரேன்காரர் யோசித்துவிட்டதாகச் சொன்னார். நாற்பத்தொரு மார்க் விழுந்தது. படிவத்தின் அடியில் வசதியான குடும்பம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு நகலை மேஜையில் வைத்துவிட்டு, படிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து மார்க் சார் இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவ்வளவு கோபம் அவளுக்கு வந்ததில்லை.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க? எனக்கு வேணும்ல நீங்க. அதை யோசிச்சீங்களா?"

அவர் கட்டிலில் டிவிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மூணு இருந்தா இன்னும் ரெண்டு மூணு வருஷம் வரும். ரெண்டுன்னா அதுல பாதி. எப்படியும் நான் போறவன்தான். நீ இந்தப் படியிலதான் ஏறி இறங்கணும். மூணு வீட்டுக்கும் வைத்தியத்தைக் கெடுத்தவன்னு ஆயிட்டா, நாளைக்கு உன் கதவை யாரு தட்டுவாங்க?" கொஞ்சம் நிறுத்தி மூச்சு விட்டுக்கொண்டார். "என்னைக் கீழ இறக்கவும் ஆளு வேணும்ல. நாலு மாடி."

அவள் அழுதாள். அடுத்தவர் ஃப்ரிட்ஜின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, கீழே கேட்டுவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேறு எங்கேயும் சாய இடமில்லை.

மத்தியானம் மூன்று வீட்டுக்காரர்களும் சிரித்துக்கொண்டு படியேறி வந்தார்கள். எல்லாரும் பாஸ். மார்க் சார் நாலாம் மாடி வரை போனது அவர்களுக்குத் தெரியாது, மூன்றாம் மாடியைப் பார்த்ததும் இறங்கிப் போய்விட்டார் என்றே நினைத்திருந்தார்கள். "அண்ணி, நீங்க இல்லேன்னா எங்க பாடு திண்டாட்டம்தான்" என்றார் கண்டக்டர். பெயிண்டர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "அவங்களுக்கென்னப்பா, மகாராணி" என்றார். அவள் சிரித்தாள், அல்லது உதட்டை அந்த மாதிரி வைத்துக்கொண்டாள்.

தூக்குவதற்கு முன் பாலை எடுத்துவிடலாம் என்று தையல்காரம்மா தன் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். சின்ன டப்பா கையில் வந்தது. மகளுக்காக ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தவள், மருந்துப் பெயர்கள் ஓரளவு பழக்கம். அவள் டப்பாவைத் திருப்பிப் படித்தாள்.

"அக்கா, இது டயாலிசிஸ்காரங்களுக்குப் போடற ஊசியில்ல?"

மகாராணி டப்பாவை வாங்கக் கையை நீட்டினாள்.

"உங்க ஃப்ரிட்ஜ் எங்கக்கா?"

"வித்துட்டேன்" என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது. அதற்குப் பின் எதையும் நிறுத்த முடியவில்லை, மேஜையில் கிடந்த படிவ நகல் வரைக்கும் எல்லாம் வந்தது. தையல்காரம்மா அந்த நாற்பத்தொன்றை இரண்டு தடவை படித்தாள். படித்துவிட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெயிண்டர் கயிற்றை மறுபடி சுருட்டினார். சுருட்டி முடித்த பிறகும் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

கண்டக்டர்தான் முதலில் பேசினார். இப்போதே அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றார். கிரேன்காரர் உள்ளறையிலிருந்து, "சொன்னா மூணு அட்டையும் போகும், பொய் சொன்னதுக்கு எங்களுக்கும் கிடைக்காது. உன் பொண்டாட்டிக்கு ஏழு மாசம். பேசாம மெஷினைத் தூக்கு" என்றார். யாரும் மெஷினைத் தொடவில்லை. காசு போட்டு உதவலாம் என்றால், கொடுக்க அவர்கள் கையில் என்ன இருந்தது? கடைசியில் தையல்காரம்மா எழுந்து பால் பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, டப்பாவைத் திருப்பி உள்ளே வைத்து ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினாள்.

"இது இங்கயே இருக்கட்டும். எங்களுக்கு வேணும்னா நான் மேல வந்து எடுத்துக்கறேன்" என்றாள்.

அடுத்த மாதத்திலிருந்து டயாலிசிஸ் வாரத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. முதலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிறகு கால் வீங்கியது, அப்புறம் மூச்சு. படி ஏற முடியாமல் போனபோது கண்டக்டரும் பெயிண்டரும் ஒரு மர நாற்காலியில் அவரை உட்கார வைத்து அதே கயிற்றால் கட்டித் தூக்கினார்கள். கண்டக்டர் இதற்காகவே தன் டூட்டி நேரத்தை மாற்றிக்கொண்டார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெயிண்டர், "சாய்ச்சு, சாய்ச்சு" என்பார். கிரேன்காரருக்கு அந்த நேரத்தில் வாய் சும்மா இருக்காது.

"பார்த்துப்பா. துறைமுகத்துல இருபது டன்னை நான் இதைவிட மெதுவா இறக்குவேன்" என்பார். இன்னொரு நாள், "மார்க் சார் வந்தா என்னைக் கீழ் வீட்ல ஒளிச்சு வச்சுடாதீங்க. எனக்கு எத்தனை மார்க்னு தெரியணும்" என்றார். அவர்கள் சிரித்தார்கள். பின்னால் ஃப்ளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வந்த மகாராணிக்குச் சிரிப்பு வரவில்லை. சிறுமி பாலுக்காக மேலே வரும்போதெல்லாம் தன் டைம்டேபிளைச் சரிபார்த்துவிட்டு, அவர் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். படியில் எதிரே பட்டால் "உனக்கென்னம்மா" என்று இப்போது யாரும் சொல்வதில்லை. அதைக் கேட்காமல் இருப்பதும் அவளுக்கு வலித்தது.

பதினோராவது மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போய்விட்டார்.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. மூன்று வீட்டுக்காரர்களும் தாங்களாகவே மேலே வந்திருந்தார்கள். கண்டக்டர் கைக்குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டார். பெயிண்டர் கீழ்ப்படிக்குப் போனார். தையல்காரம்மா மகாராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாக இறங்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பம் வந்தது. பெயிண்டர் வாயைத் திறக்கவில்லை. கண்டக்டர் தானாகவே இடது தோளை இறக்கினார், பெயிண்டர் ஒரு கையைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தார். கம்பியில் எங்கேயும் இடிக்காமல் அவரைக் கீழே கொண்டுபோனார்கள்.